மறுமொழி: மிகைக்குளிர்ச்சியா, குறைசூடா?

அன்பர்களுக்கு வணக்கம்.

படகு என்ஜின் வேண்டிய அளவு சூடேறாமலே ஓடும் பழுதுக்கு 'மிகைக்குளிர்ச்சி' என்று வைக்கலாம் என்ற பரிந்துரையை வாசித்தேன். எனக்கு இரண்டு தடை. சிறியது: நீர் 0 பாகைக்குக் கீழே போயும் உறையாமல் நிற்கிற நிலைக்குப் பௌதிகத்தில் ஏறக்குறைய இதே சொல்தான் புழங்குகிறது. பிள்ளைகள் குழம்புவார்கள்.

பெரிய தடை 'குளிர்ச்சி' என்ற சொல்லேதான். அது தமிழில் நல்ல சொல். கண் குளிரப் பார்க்கிறோம், மனம் குளிர்ந்து வாழ்த்துகிறோம், வெயிலுக்கு இளநீர் குடிக்கிறோம். அதைப் பழுதின் பெயரில் வைத்தால் பழுது பழுதாகவே தெரியாது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல, பட்ட பாடு. என் மச்சானின் வள்ளம் முகத்துவாரத்தில் நிற்கிறது. 40 குதிரைவலு, நான்கடிப்பு (four-stroke) வெளியிணைப்பு என்ஜின், அதாவது வள்ளத்தின் பின்புறம் வெளியே மாட்டுகிற வகை. "ஒயில் ஒரு சொட்டும் குடிக்காது" என்று பெருமை பேசுவான். ஒருநாள் அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தேன். மட்டம் குறையவில்லை என்பது சரி, மேல் கோட்டையும் தாண்டி ஏறியிருந்தது. மோந்தால் பெற்றோல் மணம். வலை இழுக்கிற வேகத்தில் ஓடவிட்டு, அகச்சிவப்பு வெப்பமானியைச் சிலிண்டர் தலையில் பிடித்தால் 41 பாகை. கடல்நீரே 29. மூடியைக் கழற்றினால் தெர்மோஸ்டற், அதாவது குளிராக்கும் நீரை என்ஜின் சூட்டுக்கேற்ப விடுகிற வால்வு, இருக்கவேண்டிய குழி வெறுமை.

முன்பு பழுது பார்த்த தம்பியிடம் கேட்டோம். "நல்லதுதானே அண்ணை, குளிர்ச்சியா ஓடுது. எங்கட ஊர் வெயிலுக்கு அது என்னத்துக்கு எண்டு நான்தான் கழட்டினனான்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. 'குளிர்ச்சி' என்ற சொல் அவரை ஏமாற்றிவிட்டது.

நடந்தது இதுதான். சிலிண்டர் சுவர் சூடேறாதபோது பெற்றோல் முழுதும் ஆவியாவதில்லை. எரியாத மிச்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஒயிலில் இறங்குகிறது. ஒயிலும் சூடேறாததால் இறங்கிய பெற்றோலும் ஈரமும் ஆவியாகி வெளியேற வழியில்லை. ஒயில் நீர்த்து, தேய்மானம் கூடுகிறது. மச்சான் பெருமைப்பட்ட மட்டத்தில் ஒரு பங்கு ஒயிலே அல்ல, காசு கொடுத்து வாங்கிய பெற்றோல்!

ஆகவே என் பரிந்துரை 'குறைசூடு'. 41 பாகை என்பது குளிர் அல்ல, கை வைத்தால் சுடாவிட்டாலும் வெதுவெதுப்புத்தான். அங்கே இல்லாதது சூடு. எதிர்ச்சொல்லும் 'மிகைசூடு' என்று தானாக அமைந்துவிடுகிறது. இந்தச் சொல்லுக்கு வந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

> சூடு குறைவதும் நல்லது என்றுதானே நம்மவர் நினைப்பார்கள்? 'உடம்புச்சூடு குறைய' என்று எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோமே.

அக்கா, நல்ல கேள்வி. ஆனால் 'குறை' முன்னுக்கு நிற்கும்போது பொருள் திரும்பிவிடுகிறது. குறைகுடம், குறைமாதம், குறைமதி. எதுவும் பாராட்டு இல்லை.

> 'குறைச்சூடு' என்று ஒற்று மிக வேண்டாமா?

வேண்டாம் ஐயா. வினைத்தொகையாகக் கொள்கிறேன். குறைகுடத்தில் மிகாத ஒற்று இங்கே ஏன் மிகவேண்டும்?

இனி தெர்மோஸ்டற். 'வெப்பநிலைநிறுத்தி' ஆய்வுகூடத்துக்குப் பொருந்தும். பட்டறையில் ஒருவர் அதைச் சொல்லி முடிக்குமுன் மற்றவர் திருகுசாவியை எடுத்து வேலையைத் தொடங்கிவிடுவார். அது செய்கிற வேலையைப் பாருங்கள். உள்ளே மெழுகு. சூடு பட்டால் மெழுகு உருகி விரிந்து வாயைத் திறக்கிறது, ஆறினால் சுருள்வில் மூடுகிறது. நீரைத் தேவைக்கு அளந்து விடுவதற்கு நம்மிடம் பழைய சொல் உண்டு: மதகு. 'சூட்டுமதகு' என்கிறேன். வன்னியில் மதகைத் துருசு என்பார்கள், எனக்கு அதுதான் விருப்பம். ஆனால் தமிழ்நாட்டில் அது மயில்துத்தம் என்ற நீல உப்பு ஆகிவிடும்.

சூட்டுமதகுக்குப் பக்கத்தில் சில என்ஜின்களில் இன்னொரு வால்வு உண்டு. வேகம் கூடி நீரழுத்தம் ஏறினால் அது திறந்து, மதகைச் சுற்றி நீரை விட்டுவிடும். குளம் நிரம்பினால் மிகைநீரை வெளியேவிடத் திறப்பது வான்கதவு. அந்தச் சொல்லைக் குளத்திலிருந்து அப்படியே எடுக்கலாம். மாரியில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்த செய்தியை வாசித்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

இந்த இரண்டையும் வேறுவேறு பெயரால் சொல்லாவிட்டால் பழுது பிடிபடாது. எங்களுக்கே பிடிபடவில்லை. முதலில் கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தையில் கார் மதகொன்றை வாங்கிப் போடுவோம் என்றான் மச்சான். மறித்தேன். பல கார்களில் அது திறப்பதே 80 பாகைக்கு மேல். உப்புநீரை அவ்வளவு சூடாக்கினால் நீர்வழிக்குள் சுண்ணாம்பு படியும். கடல்நீரை நேரே இழுக்கும் வெளியிணைப்பு என்ஜின்களில் பெரும்பாலும் 50 முதல் 62 பாகைக்குள் திறப்பதையே வைக்கிறார்கள். சரியானதை வாங்கி, வாயில் நூலைக் கவ்வக் கொடுத்து, அடியில் முட்டாமல் சட்டி நீரில் தொங்கவிட்டு அடுப்பில் ஏற்றினோம். 60இல் நூலை விட்டது. பூட்டி ஓட்டினால் மெதுவேகத்தில் மறுபடி 44! பிறகுதான் வான்கதவைக் கழற்றினேன். கதவு வந்து அமரும் இடத்தில் ஒரு சிப்பித்துண்டு சிக்கி, அதை மூடவிடாமல் வைத்திருந்தது. எடுத்தோம், ஒயிலை மாற்றினோம், 61இல் நிற்கிறது.

பயிற்சிக் கையேட்டில் இந்த நான்கையும் போடப்போகிறேன்: குறைசூடு, மிகைசூடு, சூட்டுமதகு, வான்கதவு. தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கத்து அன்பர்களே, உங்கள் கரையில் வேறு சொல் ஓடினால் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள். என் சொல்லை எடுத்துவிட்டு அதைப் போடுகிறேன்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து