எஸ்.பி. ரோடு ரீஃபர்பிஷ்டு டெஸ்க்டாப்: எந்தப் பாகம் முதலில் போகும்? கடையிலேயே எதைச் சோதிக்கலாம்?

கே.ஆர்.புரம் வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். பிசிஏ படிக்கும் தங்கைக்கு ஒரு டெஸ்க்டாப் வேண்டும். பைதான், ஜாவா, மைஎஸ்கியூஎல், ஆன்லைன் வகுப்பு, இவ்வளவுதான் வேலை. கேம் கிடையாது. மானிட்டர் வீட்டில் இருக்கிறது. பெங்களூரில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் இரண்டு விலை சொன்னார்கள்.

ஒன்று ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிபார்த்து மறுபடி விற்பது) டெல் ஆப்டிபிளெக்ஸ் 7060, ஒல்லியான எஸ்எஃப்எஃப் பெட்டி. ஐ5-8500, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. 15,500 ரூபாய், கடை வாரண்டி ஒரு வருடம்.

இன்னொன்று புது அசெம்பிள்டு. மூன்றாம் தலைமுறை ஐ5, எச்61 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, கண்ணாடி கேபினட். 14,000 ரூபாய், மூன்று வருட வாரண்டி என்கிறார்கள்.

வாரண்டியும் ரேமும் பார்த்தால் இரண்டாவது லாபம் மாதிரித் தெரிகிறது. ஆனால் நாலு வருடமாவது தொல்லை இல்லாமல் ஓட வேண்டும். இந்த மாதிரி மெஷின் வைத்திருப்பவர்களும் ரிப்பேர் பார்ப்பவர்களும் சொல்லுங்கள்: எது முதலில் கெடும், பாகம் கிடைக்குமா? எங்கள் பக்கம் கோடை மழை சமயத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். யுபிஎஸ் இல்லை.

சர்வீஸ் பெஞ்ச்:

இரண்டாவதை விட்டுவிடுங்கள் மேடம். எச்61 சிப்செட் 2011-இல் வந்தது, மூன்றாம் தலைமுறை ஐ5 2012-இல். அந்த ப்ராசஸரை இன்று யாரும் தயாரிப்பதில்லை, பழைய மெஷினில் கழற்றியதுதான் வரும். போர்டு மட்டும் புதிதாக அடித்தது. ரேம் டிடிஆர்3, இன்னொரு மெஷினுக்கு மாற்றிப் போடவும் உதவாது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 14 அக்டோபர் 2025-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட இன்டெல் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். 8500 அந்தக் கோட்டுக்கு உள்ளே இருக்கிறது, மூன்றாம் தலைமுறை வெகுதூரம் வெளியே.

அந்தக் கண்ணாடி கேபினட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளைதான் பெரிய ஆபத்து. மேலே 450 வாட் என்று பெரிதாக எழுதியிருக்கும். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் கட்டத்தைப் பாருங்கள். அங்கே 16 ஆம்பியர் என்றிருந்தால் 12 பெருக்கல் 16, அதாவது 192 வாட். கம்ப்யூட்டர் பெரும்பாலும் சாப்பிடுவது 12 வோல்ட்டைத்தான். அந்த 192-ஐயாவது நிலையாகத் தருமா என்பதும் சந்தேகம்தான். மட்டமான எஸ்எம்பிஎஸ் சாகும்போது போர்டையும் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போகும். மூன்று வருட வாரண்டி எந்தப் பாகத்துக்கு என்று கேளுங்கள், பெரும்பாலும் போர்டுக்கு மட்டும் என்பார்கள்.

ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் போன்றவை கம்பெனிகள் லீஸ் முடிந்து விடுவிக்கும் மெஷின்கள். போர்டும் ப்ராசஸரும் அரிதாகத்தான் போகும். போவது சுற்றியுள்ளவை. என் மேஜைக்கு வரும் வரிசையில் சொல்கிறேன்.

முதலில் எஸ்எஸ்டி. கம்பெனியிலிருந்து வரும்போது டிஸ்க்கைக் கழற்றி அழித்துவிடுவார்கள், கடைக்காரர் போடுவது கிடைத்ததில் மலிவானது. மெஷின் நல்லதாக இருந்து டிஸ்க் மட்டும் மட்டமாக இருப்பது சகஜம். வாங்கும்போதே பெயர் தெரிந்த கம்பெனியின் என்விஎம்இ (வேகமான வகை எஸ்எஸ்டி) போட்டுத் தரச் சொல்லி வித்தியாசத்தைக் கொடுத்துவிடுங்கள். 7060-இல் அதற்கான எம்.2 ஸ்லாட் இருக்கிறது.

அடுத்தது பயாஸ் (மெஷின் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) பேட்டரி, சிஆர்2032. இது போனால் தேதி பின்னுக்குப் போவது மட்டும் பிரச்சினை இல்லை. டெல் அலுவலக மாடல்கள் பலவற்றில் சாட்டா அமைப்பு, அதாவது டிஸ்க்கோடு பேசும் முறை, இயல்பாகவே ரெய்டில் இருக்கும். கடையில் அதை ஏஎச்சிஐ என்ற இன்னொரு முறைக்கு மாற்றி விண்டோஸ் ஏற்றியிருப்பார்கள். பேட்டரி தீர்ந்து பயாஸ் இயல்பு நிலைக்குத் திரும்பினால் விண்டோஸ் நீலத் திரையோடு நிற்கும். டிஸ்க் போய்விட்டது என்று புது டிஸ்க் விற்றுவிடுவார்கள். பயாஸில் மறுபடி ஏஎச்சிஐ வைத்தால் அதே டிஸ்க் ஓடும். வாங்கிய உடனே பேட்டரியை மாற்றிவிடுங்கள். மீட்டரில் 3 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும், 2.7-க்குக் கீழே இருந்தால் அது தீர்ந்த பேட்டரி.

மூன்றாவது, ப்ராசஸர் மேல் தெர்மல் பேஸ்ட். இத்தனை வருடத்தில் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி ஆகியிருக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு நடுவில் ஒரு பட்டாணி அளவு புதிய பேஸ்ட். ஹீட்சிங்க் திருகுகளைக் குறுக்கு மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

ரேம் கெடுவது குறைவு, ஸ்லாட்டில் தொடர்பு விட்டுப்போவதுதான் அதிகம்.

எஸ்எம்பிஎஸ் கடைசியில்தான் வரும், ஆனால் செலவு அதில்தான். இந்த மெஷின்களில் சாதாரண 24 பின் கனெக்டர் கிடையாது, அளவும் வேறு. சந்தையில் விற்கும் எதையும் வாங்கிப் பொருத்த முடியாது. பெட்டியிலுள்ள எஸ்எம்பிஎஸ் லேபிளில் டிபி பை என் என்று தொடங்கும் பாக எண் இருக்கும், அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே எண்ணில் கழற்றிய எஸ்எம்பிஎஸ் எஸ்.பி. ரோட்டிலேயே கிடைக்கும்.

அல்சூர்க்காரன்:

மேலே சொன்னதெல்லாம் சரி. கடையில் செய்ய வேண்டியதை நான் சொல்கிறேன். ஒரு பென் டிரைவில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ (டிஸ்க் நிலை காட்டும்), எச்டபிள்யூஇன்ஃபோ (சூடு, வேகம் காட்டும்), சிபியு-இசட் (ப்ராசஸருக்கு) மூன்றின் போர்ட்டபிள் வடிவமும், இன்னொரு பென் டிரைவில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-உம் எடுத்துப் போங்கள். எல்லாம் இலவசம். ஞாயிறு வேண்டாம், பாதிக் கடை மூடியிருக்கும். வார நாள் காலையில் போனால் உட்கார்ந்து பார்க்க விடுவார்கள்.

முதல் வேலை, மெஷின் ஆன் ஆகும்போது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போவது. பாஸ்வேர்டு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள், பழைய கம்பெனியின் பூட்டு இன்னும் திறக்கவில்லை என்று அர்த்தம். உள்ளே செக்யூரிட்டி பகுதியில் கம்ப்யூட்ரேஸ் அல்லது அப்சொல்யூட் என்றிருப்பது ஆக்டிவேட் நிலையில் இருக்கக் கூடாது. அது திருட்டுப் போன மெஷினைத் தேடும் வசதி, பழைய உரிமையாளர் கையில் இருக்கிறது. அங்கேயே சர்வீஸ் டேகைக் குறித்துக்கொண்டு பெட்டியில் ஒட்டியிருப்பதோடு ஒப்பிடுங்கள். 7 எழுத்து இருக்கும். இரண்டும் வேறாக இருந்தால் போர்டு மாற்றிய மெஷின்.

பிறகு எஃப்12, டயக்னாஸ்டிக்ஸ். டெல்லின் சொந்தச் சோதனை, சில நிமிடத்தில் ஃபேன், டிஸ்க், ரேம் எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கும்.

விண்டோஸுக்குள் போனதும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. அதில் மூல எண்கள் பதினாறடிமானத்தில் தெரியும், அப்படியே படித்தால் தப்பாகப் புரியும். ஃபங்ஷன் மெனுவில் மூல எண்ணைப் பத்தடிமானத்துக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் ஏதாவது சேர்த்துக் கொடுத்தால் 05, சி5, சி6 (டிஸ்க்கில் பழுதான இடங்களைக் காட்டும் வரிகள்) மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5-இல் 8 என்று இருந்தாலும் அந்த டிஸ்க் வேண்டாம். எஸ்எஸ்டி-யில் ஆரோக்கிய சதவீதமும் மொத்தம் எழுதிய அளவும் பாருங்கள். புதிது என்று சொல்லிவிட்டு எழுதிய அளவு பல டெராபைட் இருந்தால் புதிதில்லை.

சூடு: எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்துவிட்டு, சிபியு-இசட்டின் பெஞ்ச் பக்கத்தில் ஸ்ட்ரெஸ் பொத்தானை அழுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். 8500 ஆறு கோரும் ஓடும்போது 3.9 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். வெப்பம் 80 டிகிரிக்குள் நின்றால் நல்லது. ஒரே நிமிடத்தில் 95-ஐத் தாண்டி வேகம் 3.0-க்குக் கீழே இறங்கினால் பேஸ்ட் காய்ந்திருக்கிறது. அது குற்றம் இல்லை, அங்கேயே போட்டுத் தரச் சொல்லி மறுபடி ஓட்டிப் பாருங்கள். பேஸ்ட் போட்டும் சூடு இறங்காவிட்டால் வேறு பெட்டி கேளுங்கள்.

விண்டோஸ் உரிமம்: ரன் பெட்டியில் எஸ்எல்எம்ஜிஆர் என்று அடித்து, இடம் விட்டு, சாய்கோடு போட்டு எக்ஸ்பிஆர். நிரந்தரம் என்று வந்தால் சரி. ஏதாவது தேதி வந்தால் அது கம்பெனிகளுக்கான கேஎம்எஸ் முறை, 180 நாள் கணக்கு. முடிந்ததும் திரை மூலையில் எச்சரிக்கை வர ஆரம்பிக்கும்.

மெம்டெஸ்ட்86 முழுதாக ஓடக் கடையில் நேரம் போதாது. அதை வீட்டில் இரவு போட்டுவிடுங்கள். நாலு சுற்றில் ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேமை மாற்றித் தர வேண்டும். பில் வாங்கும்போதே இதைச் சொல்லி வையுங்கள்.

பி.டி.எம். எலக்ட்ரிகல்ஸ்:

மெஷினைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். கரண்ட் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதில் யுபிஎஸ்-க்கு முன்னால் பார்க்க வேண்டியது எர்த். பெங்களூரில் வாடகை வீடுகள் பலவற்றில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், எர்த் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது.

மல்டிமீட்டரை ஏசி-யில் உயர்ந்த அளவில் வைத்து பிளக்கில் பாருங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 பக்கம். பேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றிரண்டு வோல்ட், மூன்றுக்குள் இருந்தால் நிம்மதி. பேஸ்-எர்த் பாதி காட்டினாலோ ஆடிக்கொண்டே இருந்தாலோ எர்த் இல்லை. பழக்கம் இல்லாவிட்டால் எலக்ட்ரீசியனை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எர்த் இல்லாத பிளக்கில் கம்ப்யூட்டரை மாட்டிப் பெட்டியின் இரும்பைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இருக்கும். எஸ்எம்பிஎஸ் உள்ளே பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டிக்கு ஒவ்வொரு சின்ன கெபாசிட்டர் வைத்திருப்பார்கள், வடிகட்டுவதற்காக. எர்த் இருந்தால் அந்தக் கசிவு தரைக்குப் போகும். இல்லாவிட்டால் பெட்டியில் பாதி வோல்டேஜ், 110 அல்லது 115 மீட்டரில் தெரியும். அந்த நிலையில் எச்டிஎம்ஐ கேபிளை மாட்டிக் கழற்றினால் போர்ட் போகும். போர்டு திடீரென்று செத்தது என்று சொல்லப்படும் கேஸ்களில் இதுவும் ஒரு காரணம். ஸ்பைக் கார்டு வாங்கினாலும் எர்த் இல்லாமல் அது பாதி வேலைதான் செய்யும்.

ஒன்றை மட்டும் யார் சொன்னாலும் செய்ய விடாதீர்கள்: பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைப்பது. மீட்டரில் எல்லாம் சரியாகக் காட்டும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் பெட்டி முழுவதும் 230 வோல்ட் நிற்கும். ஆளே போய்விடும். வீட்டு ஓனரிடம் பேசி மெயின் போர்டிலிருந்து தனி எர்த் ஒயர் இழுப்பதுதான் வழி.

யுபிஎஸ் 600 விஏ போதும். அது சுமார் 360 வாட். இந்தச் சின்னப் பெட்டியும் எல்இடி மானிட்டரும் சேர்ந்து சாதாரண வேலையில் 100 வாட்டைத் தொடாது. ரவுட்டரையும் அதிலேயே மாட்டலாம். லேசர் பிரிண்டரை மாட்டவே கூடாது, சூடேறும் நேரத்தில் இழுக்கும் கரண்டில் யுபிஎஸ் தாங்காமல் அணைந்துவிடும். உள்ளே இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, இரண்டு மூன்று வருடத்தில் தளரும். கரண்ட் போன உடனே மெஷினும் சேர்ந்து அணைந்தால் யுபிஎஸ் கெடவில்லை, பேட்டரியை மட்டும் மாற்றுங்கள்.

கே.ஆர்.புரம் வாசகி:

ரொம்ப நன்றி. 7060 என்று முடிவு செய்கிறேன். இன்னும் இரண்டு கேள்வி. அதே கடையில் கையளவு மைக்ரோ மாடலும் இருக்கிறது, விலை கொஞ்சம் குறைவு. அது பரவாயில்லையா? இன்னொன்று, ஒரு நாள் ஆன் ஆகவில்லை என்றால் கடைக்குத் தூக்குவதற்கு முன் வீட்டிலேயே என்ன பார்க்கலாம்?

சர்வீஸ் பெஞ்ச்:

மைக்ரோவில் பெரும்பாலும் பெயரில் டி என்று முடியும் 35 வாட் ப்ராசஸர் இருக்கும், தங்கையின் வேலைக்கு அது தாராளம். கவனிக்க வேண்டியது அடாப்டர். 19.5 வோல்ட், 65 வாட் மாடலில் 3.34 ஆம்பியர். டெல் அடாப்டருக்குள் தன்னை அடையாளம் காட்டும் சிப் ஒன்று உண்டு. மலிவான போலி அடாப்டரில் அது இல்லாவிட்டால் மெஷின் எச்சரிக்கை காட்டும், இல்லையென்றால் ஆன் ஆகி வேகத்தை வெகுவாகக் குறைத்துக்கொண்டு ஓடும். விண்டோஸ் மந்தம் என்று நினைத்து ரேம் வாங்கிப் போடுவார்கள். ஒரிஜினல் அடாப்டர் கொடுத்தால் வாங்கலாம். ஆனாலும் என் ஓட்டு எஸ்எஃப்எஃப்-க்குத்தான், காற்றோட்டம் நன்றாக இருக்கும், முழு அளவு ரேம் போடலாம்.

ஆன் ஆகாவிட்டால் முதலில் பின்பக்கம் எஸ்எம்பிஎஸ்ஸிலேயே ஒரு சின்ன சோதனைப் பொத்தான் இருக்கும். கரண்ட் ஒயர் மாட்டியபடி அதை அழுத்துங்கள். பக்கத்திலுள்ள விளக்கு பச்சையாக எரிந்தால் எஸ்எம்பிஎஸ் உயிரோடு இருக்கிறது, எரியாவிட்டால் பிளக்கையும் ஒயரையும் மாற்றிப் பார்த்துவிட்டு எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகப்படலாம்.

அது சரியென்றால் முன்பக்கப் பவர் பொத்தானின் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எப்படிச் சிமிட்டுகிறது என்று எண்ணுங்கள். இரண்டு சிமிட்டி, நிறுத்தி, மூன்று என்றால் ரேம் தெரியவில்லை. மூன்று, பிறகு ஒன்று என்றால் பயாஸ் பேட்டரி. ரேம் என்றால் ஒயரைக் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை 15 விநாடி அழுத்தி மிச்சக் கரண்டை வடித்துவிட்டு, ரேமை எடுத்து அதன் தங்கக் கோடுகளை வெள்ளை அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, கிளிக் சத்தம் வரும்வரை அழுத்திப் போடுங்கள். நிறைய மெஷின் இதிலேயே எழுந்துவிடும்.

வீடு மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டுப் பக்கம் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புளோயர் அடியுங்கள், மற்றவர்களுக்கு ஆறு மாதம் போதும். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும், சுற்ற விட்டால் பேரிங் போகும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கரப்பான், பல்லி போவதும் உண்டு. வெளியிலிருந்து ஊதலாமே தவிர அதைத் திறக்காதீர்கள், ஒயர் கழற்றிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் கொஞ்ச நேரம் நிற்கும்.

அல்சூர்க்காரன்:

பில் விஷயம் விட்டுப்போயிற்று. ஜிஎஸ்டி பில்லில் சர்வீஸ் டேகும் எஸ்எஸ்டி-யின் சீரியல் நம்பரும் எழுதி வாங்குங்கள். ஒரு வருட வாரண்டியில் எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்த்தி என்று அதே தாளில் கையால் எழுதி சீல் போடச் சொல்லுங்கள். அதற்கு மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். இதே மாடல் அந்த ரோட்டில் வேறு கடைகளிலும் இருக்கும்.