புதுப்பிப்பு: சாலிடேரில் தோற்றுக்கொண்டே இருந்தேனே, அது பற்றி

மொபைலில் கிளாண்டைக் (ஏழு வரிசையாகச் சீட்டு அடுக்கித் தனியாக ஆடும் சாலிடேர்) ஆடினால் பத்துக்கு ஒன்றுகூட ஜெயிக்க முடியவில்லை, ஆப் ஏமாற்றுகிறதா என்று போன வாரம் புலம்பியிருந்தேன். ஏமாற்றவில்லை, தப்பு என்னுடையதுதான். கட்டிலிருந்து மூன்று மூன்றாகச் சீட்டு எடுப்பதை ஒன்று ஒன்றாக மாற்றச் சொன்னீர்கள், மாற்றினேன், உடனே வித்தியாசம் தெரிந்தது.

ஆனால் பெரிய கோளாறு வேறு. ராஜா எதுவும் தயாராக இல்லாமலேயே ஒரு வரிசையைக் காலி செய்துவிட்டு முழிப்பேன், அந்த இடத்தில் ராஜாவைத் தவிர வேறெதையும் வைக்க முடியாதே! எதை நகர்த்துவது என்பதிலும் தப்பு செய்வேன். நேற்று ஒரு கருப்பு எட்டின் மேல் வைக்க இரண்டு சிவப்பு ஏழு இருந்தன. ஒன்றின் அடியில் மறைந்திருந்தது ஒரே சீட்டு, ஏழாவது வரிசையில் இருந்ததன் அடியில் ஆறு சீட்டு. வழக்கமாகக் கண்ணில் முதலில் பட்டதை இழுத்துவிடுவேன், இந்த முறை அடியில் ஆறு சீட்டு மறைந்திருந்ததை எடுத்தேன், அடுத்த இரண்டாவது சீட்டிலேயே ஏஸ் வந்துவிட்டது.

அப்புறம், ஃப்ரீசெல் என்ற இன்னொரு வகை சாலிடேரை ஆடிப் பார்க்கச் சொன்னவருக்கு நன்றி. எல்லாச் சீட்டும் திறந்தே கிடப்பதால் தோற்றால் பழிபோட ஆளில்லை. பழைய விண்டோஸ் பதிப்பின் 32,000 ஆட்டங்களில் 11982ஆம் எண் ஒன்றுதான் முடிக்கவே முடியாதது.

ஆப்பில் வரும் விளம்பரத் தொல்லையா? நெட்டை அணைத்துவிட்டு ஆடுகிறேன், இப்போதைக்கு நிம்மதி.