பிள்ளை வசனக் காலண்டரைச் சுவர் பக்கமாத் திருப்பி வெச்சுட்டா: இது பயமா, பயபக்தியா?

ஓசூர்க்காரி:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

என் மகளுக்கு எட்டு வயசு. போன வாரம் ராத்திரி பார்த்தா, அவ கட்டிலுக்கு மேல மாட்டியிருந்த வசனக் காலண்டர் திரும்பிக் கிடக்கு. பின்பக்க அட்டைதான் தெரியுது. ஃபேன் காத்துன்னு நினைச்சு நேரா வெச்சேன். காலையில மறுபடியும் அப்படியே. ரெண்டு நாள் கழிச்சுத் தலை பின்னிவிடும்போது தானா சொன்னா: "இயேசப்பா என்னையே பார்த்துட்டு இருக்காரும்மா."

விஷயம் இதுதான். டியூஷன் மிஸ் குடுத்த டெஸ்ட் பேப்பர்ல என் கையெழுத்தை இவளே போட்டிருக்கா. அதுக்கு முன்னாடி எதுக்கோ நான், "பொய் சொன்னா இயேசப்பா அடிப்பார்"னு சொல்லித் தொலைச்சிருக்கேன். எங்க ஆச்சி எனக்குச் சொன்னது, அப்படியே வாயில வந்துடுது. அந்த வாரமே பிள்ளைக்குக் காய்ச்சல். ரெண்டையும் முடிச்சுப் போட்டுட்டா. இப்ப ஜெபத்துக்குக் கூப்பிட்டா தூக்கம் வருதுங்கிறா.

அவளை என்ன சொல்ல? 39 வயசுல எனக்கே ஸ்கூட்டி பஞ்சரானா, இந்த மாசம் சபைக்குக் குடுக்கிற தசமபாகம், அதான் வருமானத்துல பத்துல ஒரு பங்கு, குறைஞ்சுதோன்னு மனசு கணக்குப் போடுது.

பயப்படாதேன்னு சொல்லலாம்னா, எங்க ஹால்ல ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிற வசனமே "கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்". பயப்படணுமா, கூடாதா? பயம் வேற, பயபக்தி வேறன்னு எல்லாரும் சொல்றாங்க. அதை எட்டு வயசுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்றது?

தீப்பந்தம்:

சகோதரி, பயம் இருக்கேன்னு சந்தோஷப்படுங்க. இப்ப சபைகள்ல அதுதான் போயிடுச்சு. ஆராதனை நடக்கும்போது பின் பெஞ்சுல ரீல்ஸ் ஓடுது. ஊசா தேவனோட உடன்படிக்கைப் பெட்டியைப் பிடிச்சதும் அங்கேயே செத்தான். அனனியாவும் சப்பீராளும் நிலம் வித்த பணத்துல பொய் சொல்லிச் செத்து விழுந்தாங்க. இதெல்லாம் வேதத்துல சும்மா எழுதி வெக்கலை.

மாதாகோயில் தெரு:

நான் கத்தோலிக்கன், உள்ள வரலாமா? உறுதிப்பூசுதலுக்கு முன்னாடி தூய ஆவியின் ஏழு கொடைகளை மனப்பாடம் பண்ண வெச்சாங்க. அதுல ஒண்ணு இறையச்சம். அச்சம் எப்படி சிஸ்டர் கொடையாகும்னு கேட்டேன். "அம்மா புடவையில மை கொட்டிட்டா பதறுவியே, அடிப்பாங்கன்னு இல்ல, அம்மா முகம் வாடுமேன்னு, அது"ன்னாங்க. "எங்கம்மா ரெண்டும் செய்வாங்க சிஸ்டர்"னேன். சிரிச்சுட்டு அடுத்த பாடத்துக்குப் போயிட்டாங்க.

ஓய்வு வாத்தியார்:

தங்கச்சி, ரீல்ஸ் விஷயத்துல நானும் தீப்பந்தம் தம்பி கட்சிதான். ஆனா அவர் ஊசாவோட நிறுத்திட்டார். 2 சாமுவேல் 6-ஐ மேல படிங்க. தாவீது அன்னைக்குப் பயந்துபோய், பெட்டி என்கிட்ட வரவே வேண்டாம்னு விட்டுட்டான். அதே பெட்டி ஓபேத்ஏதோம் வீட்டுல மூணு மாசம் இருந்துச்சு, அந்த வீடே ஆசீர்வாதமாச்சு. அதைக் கேட்ட பிறகுதான் தாவீது பெட்டிக்கு முன்னால ஆடிக்கிட்டே வர்றான்.

எபிரெயத்துல 'யிரா'ங்கிற சொல் ரெண்டு பயத்துக்கும் வரும். யாத்திராகமம் 20:20-ல மோசே "பயப்படாதிருங்கள்"னு சொல்லிட்டு, அதே மூச்சுல, நீங்க பாவம் செய்யாதபடிக்குத் தேவனுக்குப் பயப்படும் பயம் உங்களுக்கு முன்னால இருக்கட்டும்கிறார்.

என் கதை ஒண்ணு. எங்க ஊரு சாயர்புரம் பக்கம், அப்பா பனையேறி. சோறாக்க அரிசி அளக்கும்போதெல்லாம் அம்மா ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்துல போடுவா. பிடியரிசி. மாசக் கடைசியில கோயிலுக்குப் போகும். பத்து வயசுல அதுல ரெண்டு உழக்கு அள்ளிக்கிட்டுப் போய்க் கடையில குடுத்துக் கருப்பட்டி மிட்டாய் வாங்கித் தின்னுட்டேன். விஷயம் வெளிய வந்துட்டுன்னு தெரிஞ்சதும் கருப்பட்டி காய்ச்சுற குடிசை, விடிலிம்போம், அதுக்குள்ள போய் ஒளிஞ்சேன். இருட்டினதும் அப்பா அரிக்கேன் விளக்கோட வந்தார். "சாப்பிட்டியாலே?" அவ்வளவுதான் கேட்டார். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய், எங்க பானையில இருந்து ரெண்டு உழக்கு அவர் கையாலேயே அளந்து கலயத்துல கொட்டினார். அன்னைக்கு ராத்திரி எல்லாருக்கும் கஞ்சித் தண்ணிதான். யாரும் ஒரு வார்த்தை பேசலை.

அதுக்கு முந்தி எனக்கு அவர் கையில இருக்கிற பனைநாரைக் கண்டா பயம். அன்னையிலிருந்து, அந்தக் கலயம் இருந்த மூலைக்குப் போனாலே கை கூசும். அடிச்சிருந்தா ஒரு வாரத்துல மறந்திருப்பேன்.

சங்கீதம் 130:4-ஐப் பாருங்க: "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு." தண்டனை உண்டுன்னு இல்ல. ரொம்ப நாள் இதை அச்சுப்பிழைன்னே நினைச்சேன்.

ஆதாம் மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சான், நான் விடிலிக்குள்ள, உங்க மக காலண்டரைத் திருப்பிட்டா. வித்தியாசம் சொல்லிக்குடுக்கிறதெல்லாம் பிறகு. காய்ச்சலுக்கும் கையெழுத்துக்கும் சம்பந்தமில்லைன்னு முதல்ல சொல்லுங்க. பிறவிக் குருடன் விஷயத்துல, யாரோ செஞ்ச பாவத்தாலதான் இப்படின்னு சீஷர்கள் போட்ட கணக்கை யோவான் 9-ல ஆண்டவரே ஒத்துக்கலை. "அடிப்பார்"னு சொன்னதுக்கு அவகிட்ட மன்னிப்புக் கேளுங்க. பிறகு மிஸ்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அவ பேசட்டும், நீங்க பக்கத்துல நில்லுங்க.

லுத்தரன் பொடியன்:

ஐயா சொன்னதோட ஒண்ணு. எங்க சபைக்கு மூலகாரணமான மார்ட்டின் லூத்தர் 1505-ல இடிக்குப் பயந்து சந்நியாசியாப் போறேன்னு பொருத்தனை பண்ணினவர். அவரே 1529-ல எழுதின சிறிய ஞானோபதேசம்ங்கிற விசுவாசப் பாடப் புத்தகத்துல பத்துக் கட்டளைகளுக்குச் சொல்ற விளக்கத்துல தேவனுக்குப் பயப்படறதும் அவரை நேசிக்கிறதும் சேர்ந்தே வரும். 1706-ல தரங்கம்பாடியில வந்திறங்கின ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு அதைத் தமிழாக்கினார்.

தீப்பந்தம்:

ஓபேத்ஏதோமை மறந்துட்டேன் ஐயா. ஆனா பயம் வேணும்ங்கிறதுல மாத்தமில்ல.

ஓசூர்க்காரி:

சனிக்கிழமை மிஸ்கிட்ட போனோம். என் துப்பட்டா நுனியை விரல்ல சுத்திக்கிட்டே சொல்லி முடிச்சா. மிஸ் பேப்பரைத் திருப்பிப் பார்த்துட்டு, "அம்மா கையெழுத்தைவிட இது அழகா இருக்கே"ன்னுட்டு, மறுபடியும் டெஸ்ட் எழுதச் சொல்லிட்டாங்க.

காலண்டர் இன்னும் திரும்பித்தான் இருக்கு. நான் தொடலை. நேத்து ராத்திரி மட்டும் ஜெபத்துக்கு வந்து உக்காந்தா. "எங்கம்மா இனிமே அப்படிச் சொல்லாம இருக்க உதவி பண்ணுங்க இயேசப்பா"ன்னு முடிச்சா. ஆமென் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரமாச்சு.

வாத்தியார் ஐயா, உங்க கதையை அவகிட்ட சொன்னேன். ரெண்டு உழக்கு அரிசிக்கு எத்தனை மிட்டாய் குடுத்தாங்கன்னு கேக்கச் சொல்றா.