சொட்டுநீர்த் தக்காளிக்கு அக்வாகிராப்: ஓட்டிப் பார்த்தவங்க சொல்லுங்க

செம்மண்காடு:
அக்வாகிராப்ங்கறது பயிருக்கு எவ்வளவு தண்ணி வேணும், எவ்வளவு மகசூல் வரும்னு கணக்குப் போடற எஃப்ஏஓ (ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு) கணினி மாடல். நட்ட புதுசுலேயே மாடல் தண்ணியை அள்ளிக் குடிக்குதா? மண் கோப்பைத் தொடாதீங்க, பாசனக் கோப்பைப் பாருங்க. நனையற பரப்பு 100 சதவீதம்னு இருந்தா சொட்டுநீருக்கு 30 ஆக்குங்க. இலை வழியா போற நீரையும் தரையில ஆவியாகறதையும் அக்வாகிராப் தனித்தனியா கணக்குப் போடுது. நாற்று சின்னதா இருக்கறப்ப வெயில் பூரா தரையிலதான் விழும். 100ன்னு விட்டா, காஞ்சு கிடக்கிற இடைவெளியையும் ஈரம்னு நம்பி ஆவியாக்கிடும். மல்ச்சிங் ஷீட்டை மூடாக்குப் பகுதியில தனியா கொடுக்கணும், பாத்தி மூடின அளவுக்கு மட்டும்.

விதைப்பா நாற்று நடவாங்கிறதும் முக்கியம். 60×45 செ.மீ. இடைவெளின்னா எக்டேருக்கு சுமார் 37,000 செடி. நாற்றுக்கு 20 சதுர செ.மீ. இலைப்பரப்புன்னா தொடக்க மூடல் (நட்ட அன்னிக்கு இலை மூடற தரை) 0.74 சதவீதம்தான். இதைக் கூட்டி வெச்சா செடி சீக்கிரமே வயலை மூடி, நீர்த்தேவை முன்னாடியே ஏறிடும்.

மோட்டார்ரூம்:
காற்று வேகத்தையும் பாருங்க. 10 மீட்டர் உயரத்துல அளந்ததுன்னா 0.75 ஆல பெருக்கி 2 மீட்டருக்குக் கொண்டுவரணும். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கிற பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ஆடியில இதை விட்டுட்டா ஆவியாதல் கணக்கு எகிறிடும்.

மாடல் சொல்ற மி.மீ.யை மோட்டார் நேரமா மாத்தணுமே. ஏக்கருக்கு 1 மி.மீ.ன்னா 4,047 லிட்டர். மேற்கோள் ஆவியாதல் (அளவுகோலா வெச்ச புல்தரை ஒரு நாள்ல இழக்கற நீர்) 5 மி.மீ., எஃப்ஏஓ 56 கையேட்டுப்படி காய்ப்பருவத் தக்காளிக்குப் பயிர்க் குணகம் (அதைப் பெருக்க வேண்டிய எண்) 1.15, ஆக 5.75 மி.மீ. மணிக்கு 4 லிட்டர் விடற டிரிப்பர் 60 செ.மீ.க்கு ஒண்ணு, லேட்டரல் (டிரிப்பர் இருக்கற கிளைக்குழாய்) இடைவெளி 120 செ.மீ.ன்னா மணிக்கு 5.56 மி.மீ. கிடைக்கும். 90 சதவீதத் திறன்னு வெச்சா 1 மணி 10 நிமிஷம் ஓடணும். கடைசி லேட்டரல் நுனியில ஒரு நிமிஷம் டம்ளர் பிடிங்க, 67 மில்லி வரணும். 45தான் வருதுன்னா ஃபில்டரைக் கழுவாம மாடலைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

கத்தரிக்கொல்லை:
மகசூல் எக்டேருக்கு 4 டன்னு காட்டினா பயந்துடாதீங்க, அது உலர் எடை. பழத்துல உலர்பொருள் 5 சதவீதம்னா பச்சையா 80 டன். எத்தனாவது பறிப்புக்கு எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்லாது, மொத்தம் மட்டும்தான். இலைச்சுருள் நோயும் அதுக்குத் தெரியாது. நோய் வந்த வயல் மகசூலுக்குப் பொருந்தற மாதிரி எண்களைத் திருத்தினா, மாடல் வறட்சின்னு நினைச்சுக்கும். அப்புறம் பாசன அட்டவணை முழுக்கக் கோணலாயிடும். கத்தரிக்குத் தயார்க் கோப்பு கிடையாது. தக்காளிக் கோப்புக்குப் பேர் மாத்தி ஓட்டறது வேண்டாத வேலை.