நான் யார் விசாரமா, தெரபியா? அப்பா போன துக்கத்துல ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறேன்

தேடல்77:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச வருஷமா ஆத்ம விசாரம், அதாவது 'நான் யார்'னு உள்ளயே கேட்டுப் பாக்கறது, பண்ணிட்டு வரேன், ரமணர் நூல்கள் படிப்பேன், அத்வைதம் பத்தி ஆன்லைன்ல வர்ற பேச்சுகளும் நிறைய கேப்பேன். போன வருஷம் அப்பா தவறிட்டார். அழுகை முட்டிக்கிட்டு வரும்போதெல்லாம் 'இது யாருக்கு? துக்கப்பட இங்க ஆளே இல்லையே'ன்னு உள்ள ஓடும், ஓடின உடனே அழுகை நின்னுரும். பாக்கறவங்க பக்குவப்பட்டுட்டேன்னு சொல்றாங்க. ஆனா துக்கத்தோட சேர்ந்து சந்தோஷமும் நின்னு போச்சுங்க, பொண்ணு ஓடி வந்து கட்டிக்கிட்டா கூட கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏதோ நடக்கற மாதிரி இருக்கு, ராத்திரி நெஞ்சு இறுகி முழிப்பு வந்துருது. வீட்ல தெரபிஸ்ட்கிட்ட போன்னு சொல்றாங்க. தெரபின்னா 'நான், என் கதை, என் காயம்'னு அதையே இன்னும் கெட்டிப்படுத்தறது தானே? விசாரம் அந்த நானையே கேள்வி கேக்குது. ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்?

அகமுகம்:
முதல்ல அப்பாவுக்காக வருத்தமா இருக்குங்க.

விசாரத்துல 'இது யாருக்கு'ன்னு கேட்டா 'எனக்கு'ன்னு தான் பதில் வரும், அந்த 'எனக்கு'ங்கிற உணர்வுல போய் நிக்கறது தான் வேலையே. நீங்க அங்க நிக்காம 'ஆளே இல்லை'ங்கிற முடிவுக்குத் தாவிடறீங்க. அந்த முடிவு நீங்க பாத்தது இல்ல, படிச்சது. படிச்சதை எடுத்து வலிக்கு மேல போத்திட்டா அது விசாரம் ஆகாது.

1896ல மதுரையில 16 வயசுப் பையனா இருந்த ரமணருக்கு திடீர்னு மரண பயம் வந்துச்சே, அப்ப என்ன பண்ணார்? பயப்பட இங்க யாரும் இல்லன்னு சொல்லி அதைத் தள்ளலையே. பொணம் மாதிரி கைகாலை நீட்டிப் படுத்து, சாவுன்னா என்னன்னு அந்த பயத்துக்குள்ளயே போய்ப் பாத்தார். அதுக்கப்புறமும் மீனாட்சி கோயில்ல நின்னு கண்ணீர் விட்டிருக்கார். பின்னாடி பெரிய புராணம் மாதிரி அடியார் கதை படிக்கும்போது தொண்டை அடைச்சு மேல படிக்க முடியாம நிறுத்தினதை கூட இருந்தவங்களே எழுதி வெச்சிருக்காங்க. ஞானின்னா அழக்கூடாதுன்னு எந்த சட்டமும் கிடையாது, உங்களுக்கு மட்டும் ஏன் அந்த சட்டம்?

மனசோடபேசு:
நான் கவுன்சிலிங் துறையில இருக்கேன், தியானமும் பண்றேன். நீங்க சொல்றது எங்க துறையில பழக்கமான விஷயம் தான். ஜான் வெல்வுட்னு ஒரு சைக்காலஜிஸ்ட், அவரே பௌத்த தியானம் பண்ணவர், 1984ல இதுக்கு 'ஸ்பிரிச்சுவல் பைபாஸிங்'னு பேர் வெச்சார். ஆறாத காயத்தைத் தொடாம, ஆன்மிகத்தை வெச்சே சுத்திப் போயிடறது.

தெரபி நானை கெட்டிப்படுத்தும்னு சொன்னீங்க, அது எல்லா முறைக்கும் பொருந்தாது. ஏசிடின்னு (அக்செப்டன்ஸ் அண்ட் கமிட்மென்ட் தெரபி) ஒரு முறை இருக்கு, ஸ்டீவன் ஹேஸ் உருவாக்கினது. எண்ணத்தை எண்ணமா மட்டும் பாக்கறது, உணர்ச்சி எல்லாம் வந்து போற இடமா நம்மை உணர்றதுன்னு அதுல பயிற்சியே இருக்கு. சாட்சி பாவம், அதாவது மனசுல வர்றதை ஒட்டாம பாத்துட்டு இருக்கறது, பழகின உங்களுக்கு அது அந்நியமாவே தெரியாது. ஆனா அது துக்கத்துக்கு இடம் விட்டுட்டுத்தான் பாக்கச் சொல்லும், அது தான் வித்தியாசம்.

நடைமுறையில எப்படின்னா, நெஞ்சு இறுகுதுன்னு நீங்க சொன்னதும் தெரபிஸ்ட் தத்துவத்துக்குப் போக மாட்டாங்க. 'எங்க இறுகுது, நடுவுலயா, தொண்டைகிட்டயா? மூச்சு எது வரைக்கும் போகுது? அது ஏதாவது சொல்லணும்னா என்ன சொல்லும்?'னு மெதுவா கேப்பாங்க. அங்க இருந்து 'அப்பாகிட்ட கடைசியா சரியா பேசலையே'ன்னு ஒண்ணு கிளம்பலாம், அது கிளம்பினா தான் அழுகை முடியற வரைக்கும் போகும்.

இன்னொண்ணு முக்கியம். உணர்ச்சி மரத்துப்போறது, உலகம் தள்ளித் தெரியறது, இதெல்லாம் டீபெர்சனலைசேஷன், டீரியலைசேஷன்னு மருத்துவத்துல இருக்கு. துக்கம், பதட்டம், டிப்ரஷன் எதோட வேணா சேர்ந்து வரும், சிலருக்கு தீவிர தியானத்துலயும் வருது. வெளிய இருந்து கேக்க 'நான் கரைஞ்சு போச்சு'ங்கிற மாதிரியே இருக்கும், ஆனா உள்ள ஒரு உயிர்ப்பில்லாம, பயத்தோட இருக்கும். ஒரு தடவை மனநல மருத்துவரைப் பாத்துடுங்க. நெஞ்சு இறுக்கத்துக்கு சாதாரண டாக்டர்கிட்டயும் காட்டுங்க, மனசு தான்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க.

சும்மாஇரு:
நான் கொஞ்சம் மாறுபடறேன். தெரபி ஒரு துக்கத்தை ஆத்தும், அடுத்தது வரும், அதையும் ஆத்தும். துக்கப்படறவனோட வேரைத் தேடறது அத்வைதம் மட்டும் தான். நண்பர் விசாரத்தை விட்டுறக்கூடாது.

அகமுகம்:
சும்மாஇரு சார், வேர் விஷயத்துல உங்க பக்கம் தான் நான். ஆனா அத்வைதத்துலயே சாதன சதுஷ்டயம்னு தகுதிகளை முன்னாடி வெச்சிருக்காங்களே, விவேகம், வைராக்கியம், சமம் (மன அடக்கம்), தமம் (புலனடக்கம்)னு. மனசு ஓரளவு அமைதியா, தெளிவா இருந்தா தான் விசாரம் பிடிக்கும்னு தானே அதெல்லாம். ராத்திரி தூக்கமே இல்லாத மனசுக்கு அந்த அமைதி தெரபில கிடைச்சா கிடைக்கட்டுமே, அதை ஏன் போட்டியா பாக்கணும்?

தேடல்77:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. படிச்சதைப் போத்திக்கறேன்னு சொன்னீங்களே, அதைப் படிக்கும்போதே நெஞ்சுல ஏதோ அசைஞ்சுது. அப்பாயின்ட்மென்ட் போட்டுடறேன். அது வரைக்கும் விசாரத்தை நிறுத்தணுமா?

மனசோடபேசு:
ஒரேயடியா விடணும்னு இல்ல. அழுகை வர்ற நேரத்துல மட்டும் அந்தக் கேள்வியைக் கேக்காதீங்க. மத்த நேரத்துலயும் உட்கார்ந்தா மரத்துப்போறது அதிகமாகுதுன்னா நிறுத்திட்டு, நடங்க, வீட்ல இருக்கறவங்ககிட்ட அப்பா பத்திப் பேசுங்க. தெரபிஸ்ட்கிட்ட விசாரம் பண்றதையும் மறைக்காம சொல்லுங்க, அதைக் கிண்டல் பண்ணா வேற ஆளைப் பாருங்க.