புதுப்பிப்பு: உட்கார வைத்த குவார்ட்டர்பேக் என்ன ஆனான்?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வீடியோ கேமான 'காலேஜ் ஃபுட்பால் 25'-இன் டைனஸ்டி முறையில் (ஓர் அணியைப் பல சீசன்கள் நாமே நடத்தும் முறை), கென்ட் ஸ்டேட் அணிக்குச் சேர்த்த புது குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவன்) உடனே இறக்குவதா, ரெட்ஷர்ட் கொடுத்து, அதாவது ஆடும் தகுதி ஆண்டுகளில் ஒன்று குறையாதபடி, ஓராண்டு காக்கவைப்பதா என்று கேட்டிருந்தேன். "இறக்கிவிடுங்கள்" என்றவர்களே அதிகம். நான் கேட்கவில்லை.

நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும் ரெட்ஷர்ட் பறிபோகாது. ஆகவே, முடிவு தெரிந்துவிட்ட ஆட்டங்களின் கடைசிக் கால்பகுதியில் மட்டும் அனுப்பினேன். (பெரும்பாலும் நாங்கள் தோற்றுக்கொண்டிருந்த ஆட்டங்கள்தான்!) சீசன் முடிந்ததும் பயிற்சி முடிவுகளைத் திறந்தால், எறியும் வலிமையும் துல்லியமும் நன்றாகவே ஏறியிருந்தன. இத்தனைக்கும், எவ்வளவு வேகமாக முன்னேறுவான் என்பதைக் காட்டும் அவனுடைய வளர்ச்சி வகை 'இம்பாக்ட்'தான். 'ஸ்டார்', 'எலைட்' இரண்டும் அதற்கு மேலே. பயிற்சியாளர் புள்ளிகளை, வீரர் வளர்ச்சிக்கு உதவும் 'மோட்டிவேட்டர்' பக்கம் கொட்டியதும் கைகொடுத்திருக்க வேண்டும்.

ஒன்றுதான் உறுத்துகிறது: வேகப் பிரிவில் பாதி முன்னேற்றக் கட்டங்கள் அடைபட்டுக் கிடக்கின்றன. அங்கே எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் பயனில்லை. ஓடும் குவார்ட்டர்பேக் என்ற ஆசையை விட்டுவிட்டேன்.

இதற்கிடையே, வாய்ப்புக் கிடைக்காத ஒரு ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவன்), வேறு கல்லூரிக்கு மாற உதவும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாகக் கிளம்பிவிட்டான். அணிக்கு 85 பேர் வரம்பு இருப்பதால் அந்த இடம் தாக்குதல் வரிசைக்கு (குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை) ஒரு வீரரைச் சேர்க்கப் போகிறது. அடுத்த சீசன் முதல் ஆட்டத்திலிருந்தே நான் காக்கவைத்தவன்தான் குவார்ட்டர்பேக்.