புதுப்பிப்பு: முடி உதிர்வு மருந்துச் செலவு குறைந்தது

உச்சந்தலையில் முடி கொட்டுவதற்கு ஒரு தனியார் கிளினிக்கில் 6 தவணை பிஆர்பி ஊசிக்கு (நம் ரத்தத்திலிருந்தே தட்டணுக்களைச் செறிவாகப் பிரித்துத் தலையில் போடுவது) 42,000 ரூபாய் கேட்கிறார்கள், செலவு குறைந்த வழி உண்டா என்று எட்டு மாதங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவில் காட்டி, நிறுவனப் பெயர் இல்லாமல் மருந்தின் பொதுப்பெயரிலேயே சீட்டு எழுதி வாங்கச் சொன்ன நண்பரின் யோசனைதான் பலித்தது. மருத்துவர் எழுதிய 5 சதவீத மினாக்சிடில் கரைசலும் 1 மில்லிகிராம் ஃபினஸ்டரைடு மாத்திரையும் காப்புரிமை முடிந்த பழைய மருந்துகள் என்பதால், பல நிறுவனங்களின் தயாரிப்புகளை ஒப்பிட்டு வாங்க முடிந்தது. முன்பு விளம்பரம் பார்த்து வாங்கிய சீரங்களுக்கு மாதம் 1,400 ரூபாய் போனது. இப்போது 550 ஆகிறது.

எதிர்பாராத ஒன்று: மூன்றாவது வாரத்தில் உதிர்வு கூடி, தலையணை உறையெல்லாம் முடியாகக் கிடந்தது. பயந்துபோய் நிறுத்தப் பார்த்தேன்; தொடக்கத்தில் இப்படி நேர்வது வழக்கம்தான் என்று மருத்துவர் தெளிவுபடுத்தினார். ஆறாம் மாதம் உச்சியில் குட்டை முடிகள் தெரிந்தன.

புதிய மருந்துக்காகக் காத்திருக்கலாமா என்றும் கேட்டிருந்தேன். அமெரிக்காவில் 2022இல் அனுமதி பெற்ற பாரிசிட்டினிப் என்ற மருந்து, திட்டுத்திட்டாக முடி கொட்டும் புழுவெட்டுக்கானது. என்னுடையதுபோன்ற பரம்பரை வழுக்கைக்கு அல்ல. இப்போது எடுக்கும் மருந்துகளை நிறுத்தினால் வளர்ந்த முடி மீண்டும் உதிரும் என்பதால், இந்த 550 ரூபாயை ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் செலவாகவே கணக்கிட்டிருக்கிறேன்.